முள்கரண்டிப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

வாசகர் கேள்வி: 4 பிப்ரவரி

சாப்பாட்டு மேசையில் கிடந்த ஒரு முள்கரண்டியை ஒருவர் படமெடுத்திருக்கிறார். அதைக் கண்ணாடி போட்டு அருங்காட்சியகத்தில் மாட்டியிருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் தனிமை, வெறுமை, காலம் என்று அடுக்குகிறார்கள். எனக்குத் தெரிவது முள்கரண்டி மட்டும்தான். பொருளின் படத்தில் அர்த்தம் என்று ஒன்று கிடையாது, பார்க்கிறவர் தன் மனதில் இருப்பதை அதன்மேல் ஏற்றிச் சொல்கிறார் என்பது என் கட்சி. யாராவது மறுக்க முடியுமா?

4 பிப்ரவரி, இரவு

நீங்கள் சொல்வது ஆந்த்ரே கெர்தேஸ் 1928-ல் பாரிஸில் எடுத்த படமாகத்தான் இருக்க வேண்டும். தட்டின் விளிம்பில் தலை சாய்த்துக் கிடக்கும் ஒரு முள்கரண்டி, கீழே கருப்பாக விழுந்த அதன் நிழல். உணவு இல்லை, கை இல்லை, ஆள் இல்லை. அடுத்த ஆண்டு ஸ்டுட்கார்ட்டில் நடந்த 'ஃபிலிம் உண்ட் ஃபோட்டோ' கண்காட்சிக்கு அது போனது. ஒரு ஜெர்மன் வெள்ளிக் கரண்டிக் கம்பெனி அதே படத்தைத் தன் விளம்பரத்துக்கும் எடுத்துக்கொண்டது.

இதை உங்கள் கட்சிக்கு ஆதாரமாகவே தருகிறேன். ஒரே படம், சுவரில் மாட்டினால் கலை, பத்திரிகையில் அச்சடித்தால் சரக்கு. ஆனாலும் கம்பெனிக்காரர் வெள்ளியின் மினுக்கைப் பார்த்தார், கண்காட்சிக்காரர் கோட்டையும் வட்டத்தையும் பார்த்தார். இரண்டும் படத்தில் இருப்பவை. 'தனிமை' என்று எழுதியவர் மட்டும் ஒரு படி தாண்டியிருக்கிறார். அந்தத் தாண்டல் எப்போது நியாயம், எப்போது இட்டுக்கட்டல் என்பதைப் பேசினால்தான் இந்த விவாதம் உருப்படும்.

நான் கல்யாணப் படம் எடுப்பவன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் பாத்திரக் கடைகளுக்குக் கேட்டலாக் எடுத்துக் கொடுக்கிறேன். குடம், அண்டா, தூக்குவாளி, குத்துவிளக்கு என்று பொருளைப் பார்த்தே பிழைப்பு ஓடுகிறது. அதனால் இந்தக் கேள்வியை லேசில் விட மாட்டேன்.

5 பிப்ரவரி

"அவரவர் பார்வை அவரவருக்கு" என்று ஒருவர் முடித்து வைக்கப் பார்க்கிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அப்படிப் பார்த்தால் தப்பான பார்வை என்று ஒன்று இருக்கவே முடியாது. இருக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்று ரிசப்ஷன் வேலை இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

6 பிப்ரவரி

பந்தி முடிந்ததும் இலைகளைப் படமெடுப்பது என் பழக்கம். மணமேடைப் படத்தைவிட அதில்தான் அந்த வீட்டின் கல்யாணம் எனக்குத் தெரியும். ஒரு தடவை, மடித்து வைத்த இலை ஒன்றை மட்டும் நேர் மேலிருந்து எடுத்தேன். நுனி இலை. நடுநரம்போடு மடிந்திருந்தது. மடிப்புக்குள்ளிருந்து ஒரு முருங்கைக்காய்ச் சக்கை எட்டிப் பார்த்தது. ஓரமாக ரசம் கசிந்து பேப்பர் விரிப்பில் ஊறியிருந்தது.

ஆல்பம் வடிவமைத்தவர் அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். எதிர்ப்பக்கம் மணமக்கள் படம். இலையின் நுனி அவர்களைப் பார்த்து இருந்தால் பக்கம் அழகாக அமையும் என்பது அவர் கணக்கு. எழுத்து எதுவும் இல்லாத படமென்றால் டிசைன் செய்கிறவர்கள் தினமும் செய்கிற வேலைதான் இது. நூற்றில் ஒருவர்கூடக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பெண்ணின் பாட்டி கண்டுகொண்டார். ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து நிறுத்தினார். "இது யார் வீட்டு எலை? நம்மாத்துக் கல்யாணத்துல இப்படியா மடிப்பா?"

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணச் சாப்பாட்டில் இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். இலை போடும்போது நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் இருக்கும். இந்த இரண்டும் தெரிந்தால் ஆளே இல்லாத படத்திலும் ஆள் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிடலாம். நுனி இடது பக்கம் வரும்படி படத்தைப் பிடியுங்கள். சாப்பிட்டவர் படத்தின் கீழ்ப்பக்கம் இருந்திருக்கிறார். நரம்பு மடிப்பு மேலேயும் திறந்த ஓரம் கீழேயும் இருந்தால் தன் பக்கமாக மடித்திருக்கிறார். அது கல்யாணம். இதே படத்தை இடவலமாகத் திருப்பினால் நுனி வலது பக்கம் போய்விடும். நுனி மறுபடி இடது பக்கம் வரும்வரை படத்தைச் சுற்றிப் பாருங்கள், நரம்பு மடிப்பு கீழே இறங்கிவிடும். துக்க வீடு! கணினியில் ஒரே ஒரு சொடுக்கில் கல்யாணப் பந்தி சாவு வீட்டுப் பந்தியாகிவிட்டது.

பாட்டி இத்தனை கணக்கும் போடவில்லை. ஆயுசு முழுக்க இலை மடித்த கை அது, பார்த்த உடனே பிடித்துக்கொண்டது. ஆல்பத்தைத் திரும்ப அச்சடித்துக் கொடுத்தோம்.

இதில் யாரும் மனதில் இருந்ததை ஏற்றிச் சொல்லவில்லை. மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் பாட்டி சொன்னது சரி என்று யாருக்கும் காட்டலாம். சரி, தப்பு என்று சோதிக்க முடிகிற வாசிப்பை இட்டுக்கட்டல் என்று தள்ளிவிட முடியாது.

7 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் மடக்கியிருக்கிறார்: "இலை மடிப்பது சடங்கு. தெரிந்தவருக்கு அர்த்தம், தெரியாதவருக்கு வெறும் இலை. இதில் படத்துக்கு என்ன பங்கு?"

நியாயமான கேள்வி. சரி, சடங்கு ஏதும் சேராத ஒன்றைப் பார்ப்போம். வீட்டில் அம்மி இருந்தால், கொத்தி அதிக நாள் ஆகாத அம்மியாகப் பார்த்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டார்ச் அடித்து, கொத்திய புள்ளிகள் தெரிகிற மாதிரி போனில் எடுங்கள். சுற்றுப்புறம் எதுவும் வேண்டாம், கல் மட்டும் போதும். வெளிச்சம் வந்த பக்கம் மேலே இருக்கும்படி படத்தைப் பிடித்தால் புள்ளிகள் பள்ளமாகத் தெரியும். அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒவ்வொரு பள்ளமும் கொப்புளம்போல மேடாக எழும். நிலாவின் குழிகளைப் படத்தில் பார்க்கிறவர்களுக்கும் இதே மயக்கம் வரும்.

வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று நம் கண் தானாகவே எடுத்துக்கொள்கிறது. சூரியனும் விளக்கும் மேலேதானே இருக்கின்றன. தட்டையான தாளில் இருப்பது கருப்பும் வெளுப்பும்தான். பள்ளமா மேடா என்று முடிவு கட்டுவது நாம். பாத்திரக் கடைக்கு எடுக்கும்போது இது தினமும் தலைவலி. விளக்கைக் கீழிருந்து போட்டுவிட்டால் பித்தளைக் குடத்தில் செதுக்கிய பூ வேலை புடைப்பு வேலையாகத் தெரியும். வாங்கியவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்.

ஆக, "எனக்குத் தெரிவது முள்கரண்டி மட்டும்தான்" என்று நீங்கள் சொன்னபோதே நிறைய முடிவு கட்டிவிட்டீர்கள். எது கரண்டி, எது நிழல், எது முன்னால், எது பின்னால் என்று எல்லாமே. அர்த்தம் சொல்வது அதற்கப்புறம் தொடங்குகிற வேலை என்று நினைக்கிறோம். அது கண் திறந்தபோதே தொடங்கிவிடுகிறது.

9 பிப்ரவரி

"அப்படியென்றால் படமெடுப்பவர் நம்மை எப்படி வேண்டுமானாலும் ஆட்டிவைக்கலாம்" என்று இன்னொருவர். இதற்கு ஒரு மாட்டு மண்டையோட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1936 மே மாதம். ஆர்தர் ரோத்ஸ்டீனுக்கு அப்போது 20 வயது. அமெரிக்க அரசின் மறுகுடியேற்ற நிர்வாகத்துக்காகத் தெற்கு டகோடாவின் பேட்லாண்ட்ஸ் பக்கம் வறட்சியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். வெயிலில் வெளுத்துப்போன ஒரு மாட்டு மண்டையோடு கிடைத்தது. பாளம் பாளமாக வெடித்த நிலத்தில் வைத்து எடுத்தார். பத்தடி தள்ளிப் புல்லில் வைத்தும் எடுத்தார். எலும்பின் சொரசொரப்பு, மண்ணின் வெடிப்பு, வெளிச்சம் நகர நகர நிழல் மாறுவது, இதையெல்லாம் முயன்று பார்த்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். படமெடுக்கிற எவரும் செய்வதுதான். ஒரு நல்ல பொருள் கிடைத்தால் நானும் அதை விடாமல் சுற்றிச் சுற்றி வருவேன்.

வெடித்த நிலத்தில் இருக்கும் படம் பத்திரிகைகளுக்குப் போனது. ஆகஸ்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வறட்சிப் பகுதிகளைப் பார்க்க ரயிலில் வந்த சமயத்தில், வடக்கு டகோடாவின் 'ஃபார்கோ ஃபோரம்' நாளிதழ் அந்தப் படம் போலி என்று எழுதியது. நவம்பரில் தேர்தல். ரூஸ்வெல்ட்டுக்கு ஆகாத பத்திரிகைகள் எல்லாம் பிடித்துக்கொண்டன. அரசாங்கம் மண்டையோட்டை நாடகச் சாமான் மாதிரி இடம் மாற்றி மாற்றி வைத்து மக்களை ஏய்க்கிறது என்று கிளம்பின.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். வறட்சி உண்மை. மண்டையோடு உண்மை. வெடித்த நிலமும் உண்மை. மூன்றில் எதுவும் பொய்யில்லை. பிறகு சண்டை எதைப் பற்றி? படத்தில் எலும்பும் மண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். "இந்த மண் காய்ந்ததால் இந்த மாடு செத்தது" என்ற வாக்கியத்தைப் பார்க்கிறவர் சேர்க்கிறார். அந்த 'ஆல்' படத்தில் எங்கேயும் இல்லை. அவ்வளவு வெளுத்த எலும்பு அந்த வருடத்து மாட்டுடையது இல்லை என்பது மாடு வளர்க்கிற ஊர்க்காரனுக்குப் பார்த்தாலே தெரியும். அந்த உவர்த்தரை நல்ல மழை பெய்த வருடத்திலும் காய்ந்தால் வெடிக்கும் என்பதும் தெரியும். வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தவர்களுக்குத் தெரியாது. இலையைப் பார்த்த பாட்டி மாதிரி, ஃபார்கோக்காரர்கள் அந்த மண்ணோடு புழங்கினவர்கள். அவர்களுடைய அரசியல் எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், கேட்ட கேள்வி சரி.

பத்தடி நகர்த்தியதை நான் குற்றமாகவே நினைக்கவில்லை. எடுத்த படங்களில் ஒன்று மட்டும் வெளியே போனதுதான் கோளாறு. புல்லில் வைத்ததையும் வெடித்த நிலத்தில் வைத்ததையும் சேர்த்து அச்சடித்திருந்தால், ஒரு இளைஞன் ஒரு பொருளோடு யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். ஒன்று மட்டும் தனியாகப் போனதும் அது சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டது.

10 பிப்ரவரி

"நீங்களும் குடத்தை நகர்த்துகிறீர்களே?" ஆமாம், நகர்த்துகிறேன், துடைக்கிறேன், வெள்ளைத் துணிக் கூடாரம் கட்டி அதற்குள் வைக்கிறேன். துணி கட்டாவிட்டால் எவர்சில்வரில் என் முகமும் கடையின் டியூப்லைட்டும்தான் தெரியும். ஆனால் கேட்டலாக்கில் இருக்கிற குடம் "நான் இங்கேதான் கிடந்தேன்" என்று யாரிடமும் சொல்வதில்லை. செய்திப் படத்தில் இருக்கிற மண்டையோடு சொல்கிறது. படம் எந்த வேலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நாம் வாசிக்கிறோம். விலைப்பட்டியலுக்கு நடுவே வந்த குடத்தைப் பார்த்து யாரும் துக்கப்படுவதில்லை.

13 பிப்ரவரி

எடுத்தவர் என்ன நினைத்தாரோ அதுதான் அர்த்தம், அவரையே கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் கொஞ்ச காலம் அப்படி நினைத்தேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டனின் குடமிளகாய்ப் படம்தான் அந்த எண்ணத்தைக் கலைத்தது.

1930, கலிபோர்னியாவின் கார்மெல். குடமிளகாய்களை வைத்து வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார். முப்பதாம் எண் படத்தில் மிளகாய் ஒரு தகரப் புனலுக்குள் இருக்கிறது. புனலின் உட்சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வளைவுகளை மெதுவாகச் சுற்றி வருகிறது, பின்னணி இருட்டில் கரைந்துவிடுகிறது. பார்த்தவர்களுக்கு மிளகாய் தெரியவில்லை. தெரிந்தது முதுகு, தோள், ஒன்றையொன்று கட்டிக்கொண்ட இரண்டு உடம்புகள். வெஸ்டனுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தான் அப்படி எதையும் நினைத்து எடுக்கவில்லை என்று மறுத்தார். எடுத்து முடித்த மிளகாய்களைச் சமைத்துச் சாப்பிட்டும்விடுவார். நண்பர்கள் அவரை நரமாமிசம் தின்கிறவர் என்று கிண்டல் செய்ததாக அவரே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அவர் மறுத்ததை நான் முழுமனதோடு நம்புகிறேன். இருந்தும் அந்தப் படத்தில் உடம்பு தெரிகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்லவும் முடியும். மிளகாயின் அளவைச் சொல்கிற எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பலகை இல்லை, விரல் இல்லை. பக்கத்தில் ஒரு அரிவாள்மனை இருந்திருந்தால் ஒருவருக்கும் முதுகு தெரிந்திருக்காது, குருமாதான் ஞாபகம் வந்திருக்கும். அளவு போனால் பொருள் தன் வேலையிலிருந்து கழன்றுவிடுகிறது. பிறகு அதே வளைவு உள்ள வேறு எதையும் கண் தேடும். தோல் மினுங்குகிற, மடிப்பு விழுந்த, உருண்டு திரண்ட பொருள்களில் நமக்கு ரொம்பப் பழக்கமானது உடம்புதான். எடுத்தவரின் நோக்கம் ஒரு சாட்சி. அது தீர்ப்பு ஆகிவிடாது.

'தனிமை' என்று எழுதியவருக்கும் இதே அளவுகோல். கெர்தேஸ் படத்தில் ஒரே ஒரு கரண்டி, எதிரே இன்னொரு தட்டு இல்லை, சாப்பிட்டவர் இல்லை. இதைக் காட்டி அவர் வாதாடலாம். 'வெறுமை'க்கு எதையும் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு கூர்மையான நிழல் விழ நல்ல வெளிச்சம் வேண்டும். அந்த மேசையில் வெளிச்சம் நிறைந்திருக்கிறது.

14 பிப்ரவரி

நேற்று எழுதியதோடு சேர வேண்டியது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1980-ல் வந்த, புகைப்படம் பற்றிய தன் கடைசிப் புத்தகத்தில் ஜேம்ஸ் வான் டெர் ஸீ 1926-ல் எடுத்த ஒரு கறுப்பினக் குடும்பப் படத்தைப் பற்றி எழுதுகிறார். முதலில் தன்னைத் தைத்தது ஒரு பெண்ணின் வார் வைத்த காலணி என்கிறார். பல பக்கங்கள் கழித்து, படம் கண்முன் இல்லாதபோது யோசித்துப் பார்த்ததில் தைத்தது அவள் கழுத்துச் சங்கிலிதான் என்கிறார். மெல்லிய பொன் சங்கிலி, தன் அத்தையிடம் அப்படி ஒன்று இருந்தது, அவர் கல்யாணமே செய்துகொள்ளாமல் காலம் கழித்தவர் என்று உருகிப்போகிறார்.

படத்தைப் பாருங்கள். கழுத்தில் இருப்பது முத்துமாலை.

அத்தையின் மேல் அவருக்கு இருந்த துக்கம் உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது அந்தப் படத்தின் அர்த்தம் ஆகாது. கேள்வி கேட்டவர் சொன்ன 'ஏற்றிச் சொல்லுதல்' இதற்குப் பொருந்தும், அந்த அளவுக்கு அவர் கட்சி வலுவானது. படம் எதிரில் இருக்கும்போது மாலை மாலையாகவே இருந்து நம்மைத் தடுக்கும். படம் விலகியதும் தடுக்க ஆளில்லை.

18 பிப்ரவரி

இதை எழுதலாமா என்று சில நாளாகத் தயங்கினேன். எழுதாமல் இந்த இழை முழுமையாகாது.

ஷோமெய் தோமாட்சு 1961-ல் நாகசாகியில் எடுத்த படம். விவரம் ஏதும் தெரியாமல் முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தோல் உரித்த ஏதோ ஒரு பிராணி தெரிந்தது. கழுத்து துவண்டு தொங்குகிறது. உடம்பு உப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. மேலே ஈரப் பளபளப்பு, கசாப்புக் கடையில் அப்போதுதான் தொங்கவிட்டதில் தெரியுமே, அந்தப் பளபளப்பு. பிறகு தலைப்பைப் படித்தேன். பீர் பாட்டில். 1945 ஆகஸ்ட் 9, காலை 11:02-க்கு வெடித்த குண்டின் சூட்டிலும் தீயிலும் உருகிய பாட்டில்.

கண்ணாடி இளகிச் சரிய சுமார் 700 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பாட்டில் எப்படி வளையுமோ அப்படித்தான் வளைந்திருக்கிறது. தோமாட்சு அதில் எதையும் சேர்க்கவில்லை. வெற்றுப் பின்னணியில் வைத்து, அளவு தெரியாதபடி, வெளிச்சத்தை வழுக்கவிட்டிருக்கிறார். வெஸ்டன் மிளகாய்க்குச் செய்த அதே காரியம்.

ஆனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? மிளகாயில் உடம்பைப் பார்ப்பது கண்ணுக்கு இன்பம், அதோடு முடிந்தது. பாட்டிலில் உடம்பைப் பார்ப்பது அங்கே உண்மையிலேயே நடந்த ஒன்றைத் தொடுகிறது. அந்தக் காலை நாகசாகியில் மனித உடம்புகளும் அதே சூட்டில் இருந்தன. தோமாட்சு உயிர் பிழைத்தவர்களின் தழும்பேறிய முகங்களையும் எடுத்தார், அந்த மனிதர்களோடு பழகி, அனுமதி கேட்டு. குண்டு விழுந்த மையத்திலிருந்து சுமார் 700 மீட்டரில் தோண்டியெடுத்த, 11:02-ல் நின்றுபோன கைக்கடிகாரத்தையும் எடுத்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பிக்கொள்கிறவர்கள் பாட்டிலைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள். என்ன பார்க்கிறோம் என்று தெரிவதற்குள் பார்த்துவிட்டிருப்பார்கள்.

முதலில் பிராணி என்று நினைத்ததை நான் தப்பான பார்வை என்று சொல்ல மாட்டேன். அதன் வழியாகத்தான் பாட்டிலுக்கு வர வேண்டியிருக்கிறது. அது வெறும் பாட்டிலாகவே தெரிந்திருந்தால், உருகிய கண்ணாடி, அருங்காட்சியகச் சாமான் என்று கடந்து போயிருப்பேன்.

19 பிப்ரவரி

"அப்படியானால் தலைப்பு இல்லாவிட்டால் அந்தப் படம் ஒன்றுமே இல்லை, அர்த்தம் வார்த்தையில்தானே இருக்கிறது?" என்று கேள்வி கேட்டவர். இரவெல்லாம் இது மண்டையில் ஓடியது.

தலைப்பு இல்லாவிட்டால் அந்தப் படம் பயமுறுத்தும், எதைப் பற்றி என்று சொல்லாது. படம் இல்லாவிட்டால் "நாகசாகி, உருகிய பாட்டில்" என்பது ஒரு வரித் தகவல், படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஊர், தேதி, மணி இவற்றைப் பொருளின் படத்தால் சொல்ல முடியாது. ரோத்ஸ்டீன் மண்டையோட்டில் விட்டுப்போனதும் இதுதான்: எந்த மாடு, எப்போது செத்தது. அங்கே வார்த்தை விட்டுப்போனதால் படம் அளவுக்கு மீறிப் பேசியது. இங்கே வார்த்தை இருப்பதால் படம் சொல்வது நிலைக்கிறது.

அதனால் ஒன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சிலர் இந்தப் படத்தைத் தலைப்பை வெட்டிவிட்டு, "அழகான அரூப வடிவம்" என்று போனில் சுற்றுக்கு விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மிளகாய்ப் படத்தின் தலைப்பை வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. இதில் வெட்டினால் செத்தவர்களை வெட்டியெடுப்பதாகும்.

20 பிப்ரவரி

சின்னக் குறிப்பு. வில்லியம் எகிள்ஸ்டனின் முச்சக்கர சைக்கிள் படத்தைக் கேட்டிருந்தார் ஒருவர். மெம்பிஸ் நகரில் எடுத்தது. 1976-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இவருடைய வண்ணப் படங்களை வைத்தபோது, சப்பென்று இருக்கிறது என்று விமர்சகர்கள் சிலர் திட்டினார்கள். கேமரா தரையோடு தரையாக இருக்கிறது. அதனால் சைக்கிள் வீட்டைவிடப் பெரிதாக நிற்கிறது. தூரத்தில் நிற்கும் கார் அதன் வயிற்றுக்குக் கீழே பொம்மை மாதிரி அடங்கிவிடுகிறது. அர்த்தம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம், முழங்கால் மடக்கித் தரையில் உட்கார்ந்து உங்கள் வீட்டுக் குழந்தையின் சைக்கிளை ஒரு தடவை பார்த்தால் போதும்.

23 பிப்ரவரி

பழைய பாத்திரங்களை வாங்கி இணையத்தில் விற்கிற ஒரு வியாபாரிக்குப் படம் எடுத்துக்கொடுக்கப் போயிருந்தேன். எடைக்குப் போட்ட பித்தளைச் செம்பு, எவர்சில்வர் சம்படம், வெண்கலப் பானை எல்லாம் குவிந்து கிடந்தன. பாதிக்குமேல் பேர் வெட்டியவை. கடையில் "பேர் வெட்டணுமா?" என்று கேட்டு, புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்களே, அவை.

ஒரு சம்படம் கையில் வந்தது. ஒரு பெண்ணின் பெயர், கீழே 1974. அந்தப் பெயரின் மேல் வரிசையாகப் புள்ளி வைத்து அடித்துவிட்டு, பக்கத்தில் வேறொரு பெயர், வேறொரு கை. இரண்டாவது பெயரில் எழுத்துகள் சாய்ந்திருந்தன, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் விளிம்பில் நசுங்கி நின்றது. விளக்கை ரொம்பத் தாழ்த்தி, பக்கவாட்டில் வைத்து, இரண்டு பெயரும் படிக்கிற மாதிரி எடுத்தேன்.

வியாபாரி படத்தைப் பார்த்துவிட்டு, "சார், கம்ப்யூட்டர்ல பேரை எடுத்துடுங்க, பாக்க க்ளீனா இருக்கட்டும்" என்றார். முடியாது என்றேன். கீறல், கறை, தூசி எது வேண்டுமானாலும் எடுத்துத் தருகிறேன், பெயரை எடுக்க மாட்டேன் என்றேன். அவருக்கு வருத்தம்தான். அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

இந்தப் படத்தில் நான் என்ன வாசிக்கிறேன்? அம்மா செத்து மகளுக்கு வந்ததா, மூத்தவளுக்கு வாங்கியது இளையவள் சீரில் போனதா, கடனுக்குப் போய் வேறு வீட்டில் வாழ்ந்ததா. ஒவ்வொன்றும் மனதில் ஓடுகிறது, ஒவ்வொன்றிலும் அந்த 'ஆல்' ஒளிந்திருக்கிறது. எதையும் அந்தப் படத்தை வைத்து நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடிந்தது இவ்வளவுதான்: இரண்டு பேர் இதைத் தன்னுடையது என்று சொல்ல நினைத்தார்கள், இரண்டாமவர் முதல் பெயரை அடித்தார், கடையில் வெட்டிய முதல் பெயரைப் போலில்லாமல் இரண்டாவது பழகாத கையால் வெட்டப்பட்டது. அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நிறுத்திக்கொண்டேன். வேறெந்தப் பொருளுக்கும் படத்தின் கீழே நாம்தான் தலைப்பு எழுத வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பாத்திரங்களில் வைத்திருந்தவர்களே உலோகத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை அழித்துவிட்டு எதை விற்கப்போகிறார்கள்?

25 பிப்ரவரி

இலைக் குறிப்புக்கு இன்னும் பதில் வந்துகொண்டே இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தங்கள் வீட்டில் துக்கத்தில் இலையை மடிப்பதே கிடையாது, அப்படியே எழுந்துவிடுவோம் என்கிறார். இன்னொருவர் எந்தப் பக்கம் மடிப்பது என்ற கணக்கே தங்கள் ஊரில் இல்லை என்கிறார். கேள்வி கேட்டவர் உடனே, "பார்த்தீர்களா, அர்த்தம் ஊருக்கு ஊர் மாறுகிறது" என்று பிடித்துக்கொண்டார்.

மாறட்டும். எந்த ஊர் இலை என்று தெரிந்தால் அந்த ஊர்க் கணக்குப்படி வாசிப்போம், தெரியாவிட்டால் வாசிக்காமல் விடுவோம். என்னிடம் இருப்பவை எங்கள் மாவட்டத்து இலைகள் மட்டும்தான். உங்களிடம் பந்தி முடிந்த இலைப் படம் இருந்தால் இங்கே போடுங்கள். எந்த ஊர், என்ன விசேஷம், படம் திருப்பப்படாத மூலம்தானா என்பதையும் கூடவே எழுதுங்கள். முன் கேமராவில் எடுத்தது வேண்டாம், பல போன்களில் இடவலம் மாறியே பதிவாகும். நுனி இல்லாத ஏடு இலையில் ஆள் உட்கார்ந்த பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். உப்பும் ஊறுகாயும் வைத்த மூலையை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மடித்த பிறகு அதுவும் உள்ளே போய்விடுகிறது.